கம்பத்தைத் தட்டுபவர்

டங், டங். கைத்தடியின் பித்தளைப் பிடியால் பஸ் நிறுத்தத்து விளக்குக் கம்பத்தைத் தட்டிவிட்டு, "பஸ் வருது, தள்ளி நில்லுங்க" என்பார் கிளிஃபர்ட் சைக்ஸ். கைபேசியில் மூழ்கியிருக்கும் பள்ளிப் பிள்ளைகள் திடுக்கிட்டுப் பின்வாங்குவார்கள். "எங்களுக்கும் கண்ணு இருக்கு, பெருசு" என்றாள் ஒருத்தி. "இருக்குது தாயி. அது பஸ்ஸையா பாக்குது?" என்றார்.

எங்கள் யார்க்‌ஷயர் ஊரில் டிராலி பஸ் ஓடிய காலத்தில் மின்கம்பியைத் தாங்கி நின்ற கம்பம் அது. டிராமை ஒழித்துவிட்டுக் கொண்டுவந்த வண்டி. தண்டவாளம் கிடையாது; கூரைமேல் இரண்டு கொம்பு. கொம்பு கம்பியை விட்டு நழுவினால், கண்டக்டர் நீண்ட மூங்கில் கழியோடு மழையில் இறங்கி மாட்ட வேண்டும். அவர் படும் பாட்டைப் பார்க்க பஸ்ஸே கழுத்தை நீட்டும். மில் மேட்டைச் சத்தமே இல்லாமல் ஏறிவிடும். அதைத்தான் நகரசபை பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

கிளிஃபர்ட் டிராலி ஓட்டத் தொடங்கி இரண்டாம் குளிர்காலம். பனி விழுந்து தெரு பஞ்சாகக் கிடந்தது. இந்தக் கம்பத்தடியில் பெரில் என்ற மில் பெண், தலைத்துணியை இழுத்துவிட்டபடி சாலையில் இறங்கினாள். பின்னால் வந்த கிளிஃபர்டின் வண்டி அவளுக்குக் கேட்கவில்லை. அவள் சாவை விசாரித்தவர்கள் கிளிஃபர்ட் மேல் பிழையில்லை என்றார்கள். "அவங்க சொல்லிட்டாங்க. பிரேக்கை மிதிச்ச கால் இதுதானே" என்று முழங்காலைத் தடவுவார்.

கடைசி டிராலி விளக்குத் தோரணமும் பேண்டு வாத்தியமுமாகப் போன நாளில் ஊரே கண் கலங்கியது. அவர் வீட்டில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஓய்வு பெறும்வரை டீசல் பஸ். "நாத்தம்தான். ஆனா வர்றது செவிடனுக்கும் தெரியும்."

இப்போது பாட்டரி பஸ் வந்திருக்கிறது. சத்தமே இல்லையாம், நகரசபைக்கு மறுபடியும் பெருமை. பட்டும் புத்தி வராத ஜென்மங்கள்.

பெரிலின் தங்கை மேவிஸும் அதே நிறுத்தத்தில்தான், வாக்கரைப் பிடித்தபடி நிற்பார். இத்தனை வருடத்தில் கிளிஃபர்டோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. டங் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் கம்பத்தைப் பிடுங்கப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். துருப்பிடித்துவிட்டதாம். கிளிஃபர்ட் நகரசபைக்குப் போய்க் கெஞ்சினார். நானும் கூடப் போயிருந்தேன். "ஞாபகத்துக்கு வேணும்னா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க சார்" என்று சிரித்து அனுப்பினார் அதிகாரி. "ஞாபகத்துக்கா கேட்டேன் நான்? ஞாபகம்தான் போகமாட்டேங்குதே" என்று வழியெல்லாம் புலம்பினார்.

கம்பம் போன மறுநாள் காலையில் மழை. பஸ் மேட்டிலிருந்து பூனைபோல இறங்கியது. கிளிஃபர்ட் தடியை ஓங்கினார். எதிரே வெறும் காற்று. புது நிழற்குடையைத் தட்டினார், பிளாஸ்டிக், பொத்தென்றது. பிள்ளைகள் யாரும் நிமிரவில்லை.

மேவிஸ் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, மறுகையால் தன் அலுமினிய வாக்கரை அவர் பக்கம் தள்ளினார்.