இல்லாத மீன்கள்

பெலகியாவுக்கு ஆற்றங்கரைக் கோபுரத்தில் வேலை. ஆற்றின் அடியில் பதித்த வெள்ளைத் தகட்டுக்கு மேல் சால்மன் நீந்திப் போகும்போது எண்ண வேண்டும். கைக்கொரு பொத்தான். மேலே ஏறும் மீனுக்கு வலது, மனம் மாறிக் கீழே இறங்கும் மீனுக்கு இடது. ஏறியதில் இறங்கியதைக் கழித்தால்தான் முட்டையிடப் போனது எத்தனை என்று தெரியும். அந்த எண் நகரத்து அலுவலகத்துக்குப் போகும். இத்தனை தாய்மீன் போனால் இத்தனை குஞ்சு கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பும் என்று அங்கே கணினியில் கணக்குப் போட்டு, போதுமான தாய்கள் போன பிறகுதான் எங்கள் வலைகளுக்கு அனுமதி தருவார்கள். அலாஸ்காவில், எங்கள் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் பிறந்த எவனுக்கும் அந்தக் கணக்கைக் கண்டால் ஆகாது. கணினியை அடிக்கவா முடியும்? பெலகியாவைத் திட்டுவோம்.

அந்தக் கோடையில் தண்ணீர் சூடாகிவிட்டது. ஏறிய மீனில் பாதி இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. அனுமதி வரவில்லை. குளிர்காலத்துக்கென்று மீனைப் புகையில் உலர்த்தும் குடில்களில் தொங்கவிட ஒரு துண்டு மீன் கிடையாது. பெலகியாவின் தம்பி வசிலி கோபுரத்தடியில் வந்து நின்றான். அவன் நாக்கு கத்தியைவிட மோசம்.

“அக்கா, நம்ம புள்ளைங்க குளிர்காலத்துல உன் பொத்தானையா கடிச்சுத் தின்னும்?”

“நான் என்னடா பண்ணட்டும்?”

“இடது கையச் சும்மா வெச்சுக்க. அவ்வளவுதான்.”

வைத்துக்கொண்டாள். ஒரே மீன் மூன்று முறை ஏறினால் மூன்று மீனாயிற்று. அனுமதி வந்தது. ஊரே வலையோடு இறங்கி, இருந்த கொஞ்ச தாய்மீன்களையும் வழித்தெடுத்தோம். முதல் மீனின் தலையை வசிலி அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

அந்த மீன்களின் குஞ்சுகள் கடலிலிருந்து திரும்ப வேண்டிய வருஷம் வந்தது. வந்தவை சொற்பம். கணினிக்கு என்ன தெரியும்? அத்தனை தாய்கள் போயும் இவ்வளவுதானா, அப்படியானால் நெருக்கியடித்து ஒன்றின் முட்டையை ஒன்று கிளறிக் கெடுத்திருக்கும், இனிமேல் குறைவான தாய்கள் போனாலே போதும் என்று முடிவு கட்டியது. இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர் கும்மாளம் போட்டது. இப்படியே போனால் ஆற்றில் மீனே இருக்காது என்று பெலகியாவுக்கு மட்டும் தெரியும். சாப்பாடு இறங்காமல் பாதியாக இளைத்துப்போனாள்.

கடைசியில் நகரத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். யார் சொல்லிச் செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். தம்பியின் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. வேலை போயிற்று. திருத்திய கணக்கு ஆற்றில் மீன்பிடிப்பையே நிறுத்தச் சொன்னது.

அடுத்த கோடையில், சடங்குக்கென்று ஒரே ஒரு மீன் பிடிக்க விட்டார்கள். முதல் மீனை வீட்டுக்கொரு துண்டாகப் பங்கிடுவது எங்கள் வழக்கம். பகைவன் வீட்டையும் விட மாட்டோம். ஊர்க் கூடத்தில் வசிலிதான் வெட்டினான். பெலகியா கிண்ணத்தை நீட்டினாள்.

“இவளுக்கு எதுக்கு?” என்றான் எங்களைப் பார்த்து. “இல்லாத மீனையெல்லாம் எண்ணினவளாச்சே. அதுல ஒண்ண எடுத்துத் தின்னட்டும்.”

கூடமே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வெறுங்கிண்ணத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். அந்தப் பாவி, மீன் தலையைத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டான்.