சீர்த்தட்டில் மெழுகுப்பூ

கணபதி என்ற ஊரில், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எண்ணெய்க் கை துடைக்க எங்களுக்கு பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வரும். அதற்குள் சில சமயம் யாரோ கட்டிக் கழித்த சேலைத் துண்டும் கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து, துவைத்து, பிளைவுட் பலகையில் ஒட்டி, உருக்கிய தேன்மெழுகால் அதன்மேல் பூ வரைவேன். கல்யாணம் ஆகாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம்.

மெழுகு தொண்டாமுத்தூரில், தென்னந்தோப்பில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்குவது. நாட்டுமருந்துக் கடைக் குங்கிலியத்தைச் சேர்த்தால் இறுகும். கலர் பொடி கலந்து சூடு ஆறுவதற்குள் பிரஷால் இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் அனல் காட்டி, அடியில் இருப்பதோடு சேர்க்க வேண்டும். அனல் குறைந்தால் பூச்சு உரியும், கூடினால் இதழே ஓடிவிடும். செல்போன் வீடியோவில் பார்த்துக் கற்றேன். அதில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பேசியது புரியவில்லை, கைகளை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அன்னூரில் தங்கச்சி வீடு கட்டிக் குடிபோனாள். அப்பா அம்மா இல்லை, பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். சேலை, பழம், மஞ்சள் வைத்த தட்டுகளோடு ஒரு தட்டில் பூவரசம்பூப் படத்தையும் வைத்துக் கொண்டுபோனேன். காலையில் மஞ்சளாக இருந்து சாயங்காலம் சிவக்கிற பூ. இரண்டு நிறத்தையும் ஒரே கொம்பில் கொண்டுவர ஏழெட்டு வாரம் ஆனது. அவள் வீட்டுச் சுவரில் நான் செய்தது ஒன்று தொங்க வேண்டும் என்று ஆசை. வேறொன்றும் இல்லை. ஆணி அடித்தால் புதுச் சுவரில் காரை பெயர்ந்துவிடுமோ என்றுகூட பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன். ஓமத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

சீர்த்தட்டுகளை வாங்கி வரிசையாக ஓம குண்டத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். அதுதான் வழக்கம். படத்தட்டு முதலாவதாக, தீயிலிருந்து முழத் தூரத்தில். ஐயர் நெய் ஊற்ற ஊற்றத் தீ எழும்பியது. சொல்லலாமா? யாரிடம் சொல்வது? தங்கச்சியும் மச்சானும் மணையில், புகைக்கு அந்தப்பக்கம். சொன்னால், தீயைப் பார்த்து பயப்படுகிறான் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேல் இதழ் பளபளக்க ஆரம்பித்தது. ஈரமில்லாத மெழுகு அப்படிப் பளபளத்தால் அது இளகுகிறது என்று பொருள். எழுந்துபோய்த் தட்டைத் தூக்கிவிட்டேன்.

மந்திரம் நடந்துகொண்டே இருந்தது. மற்றப் பேச்செல்லாம் நின்றது.

"ஏனுங் தம்பி," என்றார் தங்கச்சியின் மாமியார். "பொறந்தவன் வெச்ச சீரத் திருப்பி எடுக்கறது எந்த ஊரு வழக்கமுங்க? அதும் ஓமம் முடியறதுக்குள்ள?"

பின்னாலிருந்து ஓர் ஆள், "உடுங்க அத்தை. பொண்ணு அமைஞ்சிருச்சாட்டிருக்குது. அங்க கொண்டுபோயிக் குடுக்கத்தான் எடுக்கறாரு," என்றார். சிரிப்பு எழுந்தது.

"உருகிப்போயிருமுங்க," என்றேன். எனக்கே கேட்கவில்லை. தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள், புகையில் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்தில், நிழலில், படத்தைப் படுக்கவைத்து உட்கார்ந்தேன். ஓர் இதழ் விரற்கடை அளவு நழுவியிருந்தது. அடியிலிருந்த சேலைத் துண்டின் கட்டம் அங்கே தெரிந்தது. தொடாமல் இருந்தேன். இளகியதைத் தொட்டால் கைரேகை விழும். அது இறுகுவதற்குள் உள்ளே முதல் பந்தி முடிந்து இரண்டாவதும் முடிந்தது. என்னை யாரும் தேடவில்லை. தேடினால் என்ன சொல்வது என்று நான்கைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

கை கழுவ வந்தபோதுதான் தங்கச்சி பார்த்தாள்.

"ஏனுங்ணா, சாப்புடலீங்களா?"

"இந்தா, அம்மணி, இதை எடுத்து உள்ள வெய்யி."

கையை நீட்டினாள், பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். "இப்ப வேண்டாமுங்ணா. அத்தை இன்னும் அதையேதான் பேசிட்டிருக்கறாங்க. கொண்டுபோங்க, நான் சொல்றேன்."

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். ஒரு மாதம் அது என் அறையில் செய்தித்தாள் சுற்றியபடி கிடந்தது. சகுனம் கெட்டு அவள் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் பழி எனக்குத்தானே என்று, அன்னூர்ப் பக்கம் மழை என்றால்கூட போன் போட்டு விசாரித்தேன். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் போனில் அவளாகவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஹால்ல பெரிய கடிகாரம் மாட்டிட்டாங்கண்ணா. அந்த எடம் போச்சு. மேல நீங்க வந்தாப் படுக்கற ரூம்பு இருக்குதல்லொ, அங்க மாட்டிக்கலாமுங்களா?"

எனக்கென்று அங்கே ஓர் அறை இருப்பது அதுவரை தெரியாது. ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "அது மேக்கத்து சுவரா? மேக்கு வெய்யல் ஆகாதே."

அவள் சிரித்தாள். "கெழக்குங்ணா. வந்து பாருங்க."

நழுவிய இதழை ஒட்டிச் சரிசெய்துவிட்டேன். அன்னூர் போகலாம் என்று நினைத்தே இரண்டு ஞாயிறு போய்விட்டது. பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் படாது என்று கண்டக்டரிடம்கூட கேட்டு வைத்திருக்கிறேன். வெயில் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.