சீனத்துச் சகோதரிகளை நான் ஒப்புவித்த ஞாயிறு

அம்மாவுக்கு ஓர் அக்காவும் ஒரு தங்கச்சியும் மொன்றியல் பக்கத்தில் இருந்தார்கள். பெரியம்மா லவாலில் தனியாக இருந்தார். சித்தியும் சித்தப்பாவும் ரொக்ஸ்பரோவில். நாங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மூன்றாம் மாடியில். பெரியம்மா எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் வருவார், சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில். இந்த ஒழுங்கு பிசகியதே இல்லை. எங்களிடம் ஒரேயொரு சோபாதான் இருந்தது. அதனால்தான் முறைவைத்து வருகிறார்கள் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும் என்று ஆசிரியை திருவுளச்சீட்டுப் போட்டுத் தலைப்புக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவனுக்குத் திமிங்கிலம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, சீனாவில் செல்வாக்கோடு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று சகோதரிகள். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா நூலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். கழுத்துவரை மூடிய பட்டுச் சட்டையில் மூவரும் நின்ற படத்தைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. திமிங்கிலம் பட்டு உடுத்துவதில்லை.

திங்கட்கிழமை பேச வேண்டும். அதற்கு முந்திய சனி மத்தியானம் தொடங்கிய பனி விடவேயில்லை. பஸ்கள் நின்றுவிட்டன. பெரியம்மா எங்களோடு தங்கிவிட்டார். மறுநாள் காலை அம்மா ரொக்ஸ்பரோவுக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தார்; பதில் இல்லை. சித்தி ரயிலில் புறப்பட்டுவிட்டிருந்தார். கையில் மீன் றோல்ஸ் பெட்டியோடு கதவடியில் நின்றவர், சோபாவில் பெரியம்மாவைக் கண்டதும் அசையவில்லை.

"உள்ளுக்கு வாவன், குளிர் வருது," என்றார் அம்மா.

சித்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் ஒரு கதிரையில் வந்து இருந்தார். இவ்வளவு அமைதியான சபை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. கைகட்டி நின்று, பிரெஞ்சில் எழுதி வைத்ததைத் தமிழில் ஒப்புவிக்கத் தொடங்கினேன்.

சீனப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. மூத்தவ, நடுவிலவ, இளையவ என்று வைத்துக்கொண்டேன். மூத்தவ பெரிய பணக்காரரைக் கட்டினார். நடுவிலவ, மன்னராட்சியை வீழ்த்திய தலைவரைக் கட்டினார். இளையவ, அவருக்குப் பின் வந்த தளபதியைக் கட்டினார். யுத்தம் நடந்தபோது மூவரும் சேர்ந்துபோய்க் காயப்பட்டவர்களைப் பார்த்தார்கள். பிறகு நாடே இரண்டுபட்டது. நடுவிலவ ஒரு பக்கம் நின்றார், இளையவ மற்றப் பக்கம்.

"பேந்து?" என்று கேட்டார் சித்தி.

"பேந்து அவை ரெண்டு பேரும் ஒருநாளும் சந்திக்கேல்லை."

"ஒரு காயிதம்கூடப் போடேல்லையோ?"

"புத்தகத்தில அது இல்லை, சித்தி. அக்கா சாகக் கிடக்கேக்கை தங்கச்சி வரேல்லை எண்டுதான் கிடக்கு."

பெரியம்மா எழுந்தார். "நான் வெளிக்கிடுறன். பஸ் ஓடத் தொடங்கியிருக்கும்," என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எதைப் பிழையாகச் சொன்னேன் என்று நான் எழுதி வைத்திருந்த கொப்பியைப் புரட்டினேன். கதவு மறுபடி அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. சித்தி கீழே ஓடிக்கொண்டிருந்தார். "அக்கா! நில்லுங்கோ அக்கா!" என்ற குரல் படிக்கட்டு முழுவதும் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினேன். எதிரே பஸ் தரிப்பில் இரண்டு கை இடைவெளி விட்டு இருவரும் நின்றார்கள். பெரியம்மா தெருவைப் பார்த்தபடி இருந்தார். சித்தி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடி, போய்விட்டது. இருவரும் அங்கேயே நின்றார்கள். அரைமணி கழித்து வந்த அடுத்த பஸ்ஸும் அப்படியே போனது. பிறகு பெரியம்மா திரும்பி, சித்தியின் தோளில் விழுந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டார்.

பெரியப்பாவை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். யுத்த காலத்தில் ஊரில் அவரை ஒரு விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போன ஆயுத இயக்கத்தில்தான் அப்போது சித்தப்பா இருந்தார் என்பதை, எனக்கு இருபத்திரண்டு வயதானபோது அம்மா சொன்னார். பெரியப்பா திரும்பி வரவில்லை. சித்தப்பாவுக்கு அது முன்கூட்டியே தெரியுமா என்பதும், அன்று பனியில் சித்தி என்ன சொன்னார் என்பதும் அம்மாவுக்கே தெரியாது. அந்த வருஷக் கடைசியில் சித்திக்குப் பிள்ளை பிறந்தபோது, அதை முதலில் தூக்கியவர் பெரியம்மா. அதுமட்டும் தெரியும்.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் விளங்கவில்லை. "அம்மா, ரெண்டு பஸ்ஸை விட்டிட்டினம். நான் போய்ச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். அம்மா வந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினார். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அடுத்த பஸ் வர அரைமணி நேரமாகும். அதுவரை இருவரும் அந்தக் குளிரில் நிற்க வேண்டுமே!