முந்தி ஓடிய கடிகாரம்

எங்கள் ஈஜிபுரா வீட்டு அலாரம் கடிகாரம் ஒரு மழைக்காலம் முழுவதும் முந்தி ஓடியது. ஓட்டியவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு நான்கு மாதம்.

தம்பி குடித்த பாலையெல்லாம் கக்கிவிடுவான். பிறகு முதுகை வளைத்துக்கொண்டு அவன் அழும் அழுகை தெருக்கோடி வரை கேட்கும். பாலுக்கு முன்னால் கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு சிரப் எழுதித் தந்தார். மருந்து எரிச்சலைத்தான் குறைக்கும், பால் மேலே ஏறாமல் இருக்கக் குடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அடுப்பும் குழாயடியும் இருந்ததால் அந்தத் தோள் என்னுடையதாயிற்று.

வாசலில் பிள்ளைகள் நொண்டி ஆடிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ பெரிய முள் நகரவே நகராது. ஒரு நாள் கடிகாரத்தின் பின்னால் இருந்த, முள்ளை நகர்த்தும் குமிழை விரலால் திருப்பிப் பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்டது. அரை மணி ஆயிற்று என்று அம்மாவிடம் காட்டிவிட்டு, தம்பியைப் பாயில் கிடத்தி ஓடினேன். அப்புறம் தினமும் அதே வேலைதான். இரவில் அப்பா ரேடியோச் செய்திக்கு நேரத்தைத் திருத்தி வைத்துவிட்டு, கடிகாரத்தைத் திட்டுவார்.

சிரப் போய்ச் சொட்டு மருந்து வந்தது. அதுவும் போய் இன்னொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர், நிமிர்த்தி வைக்கிறீர்கள்தானே என்று கேட்பார்.

“கடியாரம் பாத்துதான் வெக்கிறோம் டாக்டர்” என்பாள் அம்மா. நான் தரையைப் பார்ப்பேன்.

ஆம்பூரிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை வந்தார். “மூணு மருந்து மாத்தியாச்சு. உன் பாலுதாம்மா அவனுக்கு ஒத்துக்கல. எங்கூட அனுப்பு, டப்பாப் பால் குடுத்து நான் தேத்தறேன்” என்றார். அப்பா சரி என்று தலையாட்டினார். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் வேலையில் அம்மாவின் பிரசவ லீவும் முடிய இருந்தது.

அத்தை தம்பியோடு கிளம்புவதற்கு முந்தின மாலை, பழுது பார்க்கக் கொடுத்திருந்த கடிகாரத்தோடு அப்பா வந்தார். மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தானாம் கடைக்காரன், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லையாம். அம்மா என்னைப் பார்த்தாள். முதுகில் ஒன்று விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

அவள் தம்பிக்குப் பால் கொடுத்தாள். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு தானே அவனைத் தோளில் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அவன் கக்காமல் தூங்கிப்போனான்.

“அண்ணி, இன்னும் ஒரு வாரம் பாக்கறேன்” என்றாள். திடீரென்று என்ன வந்தது என்று அத்தை கேட்டார். அப்பாவும் கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. காலையில் தம்பி பஸ் ஏறினான்.

ஆம்பூரில் அவன் உட்காரப் பழகியதும் கக்குவது தானாக நின்றது. டப்பாப் பாலின் மகிமை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா அதையும் கேட்டுக்கொண்டாள்.

அவன் போன அன்று மாலை, பால் கொடுக்கும் நேரத்தில் அம்மாவின் ரவிக்கை நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டாயா என்று கேட்டேன்.

“ஆமா” என்றாள்.

கடிகாரத்தைத் தொட வேண்டிய அவசியமில்லாமல், நான் நொண்டி ஆட ஓடினேன்.