தூக்கிப் போடும் வண்டி

டொக்.

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும்போது வெளியே ஏதோ ஒரு பழைய கார் எங்கள் தெருவின் வேகத்தடையில் ஏறி இறங்குகிறது. முன்சக்கரத்துக்கு ஒரு டொக், பின்சக்கரத்துக்கு ஒரு டொக், நடுவில் மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல ஒரு முனகல். அந்த முனகலைக் கேட்டதும் பாலை மறந்து நிற்கிறேன். பால் தன் வேலையை மறப்பதில்லை. பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிடுகிறது.

எங்கள் காரும் இப்படித்தான் முனகியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மதுரை பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் வேகத்தடை போடுவது ஒரு குடும்ப கௌரவம். வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் தங்கள் வாசலுக்கு நேரே ரோட்டில் கொட்டி, கரண்டியால் மெழுகி விட்டுவிடுவார்கள். ஒருவர் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டால் எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவருக்கும் மானம் இருக்கிறது. அவர் அதற்கு மேலே நாலு விரற்கடை ஏற்றுவார். மலையேறப் பழகாத எங்கள் கார் தினமும் அந்த மானங்களின் மீது ஏறி இறங்கித்தான் இடுப்பொடிந்தது.

என் மனைவிக்குக் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கு வேலை. எனக்கு அதைத் தாண்டித் திருமங்கலத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. காலையில் அவளைத் தொழிற்சாலை கேட்டில் இறக்கிவிட்டு நான் மேலே போவேன். பழங்காநத்தம் தாண்டும்போது முந்தின இரவு கண்ட கனவைச் சொல்ல ஆரம்பிப்பாள். பசுமலை வருவதற்குள் செத்துப்போன யாராவது கனவுக்குள் வந்து காபி கேட்டிருப்பார். திருப்பரங்குன்றத்து மலை முன்கண்ணாடியில் வளர்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து, பின்னால் சிறுத்துப் போகும். திருநகரில் கனவு முடியும். நான் அதற்கு ஒரு தப்பான அர்த்தம் சொல்வேன். கப்பலூர் வரும்வரை அதற்காகத் திட்டுவாள். வீட்டில் எங்கள் பேச்சு கேஸ், தண்ணீர் லாரி, கரண்ட் பில் என்ற மூன்று துறைகளோடு முடிந்துவிடும். நாங்கள் இரண்டு பேராக இருந்தது அந்தக் காருக்குள் மட்டும்தான்.

அழகர்கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு சாயங்காலம், தார் பெயர்ந்த பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கியது. வண்டி மேலே ஏறி வந்துவிட்டது. அவள் கழுத்து வரவில்லை.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டூ வீலர்லயா போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டார். கையிலிருந்த கார் சாவியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். அவளே சொன்னாள்.

"கார்னுதான் சார் சொல்லி வச்சிருக்காரு."

கழுத்துக்கு ஒரு பட்டை போட்டு அனுப்பினார்கள். வலி போய், பட்டை அலமாரிக்குப் போன பிறகும் அவள் காருக்குத் திரும்பவில்லை. பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

"உங்ககூட வரமாட்டேன்னு சொல்லல. உங்க வண்டில வரமாட்டேன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா அது உங்க பிரச்சன."

பஸ்ஸில் மெத்தை விரித்திருப்பதாக எனக்குத் தகவல் இல்லை. ஆனால் வேறொரு தகவல் வந்தது. தினமும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸம்மா உட்காருகிறாராம். கனவுகளைக் குறுக்கே பேசாமல் கேட்கிறாராம். சரியான அர்த்தமும் சொல்கிறாராம். கேட்ட அன்றைக்கே வண்டியின் அடிப்பாகத்தைச் சீர்திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

சீர்திருத்தம் என்றால் ஒரு நிபுணர் வேண்டும். என் மனைவியின் தம்பி இருந்தான். செல்போன் கடை வைத்திருக்கிறான். ஆகவே உலகத்தில் எதையும் கழற்றலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. திரும்ப மாட்டுவது பற்றிய நம்பிக்கை வீடியோ பார்த்து வருவது.

"மெக்கானிக் எதுக்கு மச்சான்? நாலு ஷாக்கப்சர், நாலு ஸ்பிரிங்கு. அம்புட்டுத்தான். வீட்டு வாசல்லயே முடிச்சிரலாம்."

"மாப்ள, முன்னப்பின்ன செஞ்சிருக்கியா?"

"செல்லு டிஸ்பிளேவே மாத்துறேன். அதைவிடவா இது சின்ன வேல? கண்ணுக்குத் தெரியுற சாமான் மச்சான் இது."

இருவரும் வெளி வீதியில் ஓர் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் எங்கள் வண்டியின் வயதைக் கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வண்டில எம்புட்டுப் பேரு போவீங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. காரில் ரெண்டு பேர்தான் போவோம் என்று சொல்கிறவன் சொந்தபந்தம் அற்றவன். அல்லது சொந்தபந்தம் சேர்த்துக்கொள்ளாதவன். காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கக்கூட ஆள் இல்லாதவன். அப்படி ஒருவனாக ஒரு கடை வாசலில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, யார் நிற்பது?

"குடும்பமே போகும் பாய்," என்றான் மாப்ள.

"அஞ்சாறு பேரு," என்றேன் நான், அவனுக்கு மேலே ஒரு படி ஏறி. "கோயில் கொளம்னா ஏழு."

"மாஷா அல்லா. நல்ல குடும்பம்," என்று பாய் உள்ளே போனார். கட்டைவிரல் தடிமனில் நாலு ஸ்பிரிங்கோடு வந்தார். "டாக்ஸிக்காரங்க போடுறது. ஏழு பேரு ஏறி, மேல மூட்டையையும் கட்டுங்க. அமுங்கவே அமுங்காது."

நான் ஒன்றைக் கையில் வாங்கி முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தேன். அமுங்கவில்லை. பரம திருப்தி. அமுங்காத பொருள்தான் நல்ல பொருள் என்று எங்களுக்கு எண்ணம். சோபாவிலிருந்து சம்பந்தி வீடு வரை அப்படி அழுத்திப் பார்த்துத்தான் எடுக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. மிக்ஸி வந்த நாளிலிருந்து சும்மா கிடந்த அம்மிக்கல், வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் வேலையில் மறுபடி சேர்ந்தது. ஜாக்கியில் வண்டி ஒரு பக்கம் எழும்பியது, ஊசி போட்டுக்கொள்ளத் தயாராகிற பெரியவரைப் போல. நட்டுகளில் இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் பிடித்த துரு. ஸ்ப்ரே அடித்தோம். மண்ணெண்ணெய் ஊற்றினோம். சுத்தியலால் தட்டிக் கெஞ்சினோம். அந்த நட்டுகளுக்கு எங்கள் மேல் இருந்த பாசம் எந்த உறவினருக்கும் இருந்ததில்லை. விடவே மாட்டேன் என்றன. ஒரு பழைய ஸ்பிரிங் கழன்ற வேகத்தில் துள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டியது.

"யாருங்க எங்க துணி வாளிக்குள்ள இரும்ப எறியுறது?"

"நாங்கதான்க்கா. வாரேன், எடுத்துக்கிறேன்," என்று மாப்ள சுவரேறினான்.

என் மனைவி வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், மிச்சமாகுற நட்டையெல்லாம் ஒரு டப்பால போட்டு வையி. உண்டியல்ல போட்டுறலாம்."

"எதுவும் மிச்சமாகாதுக்கா."

"அதான் பயமா இருக்கு. எங்கெங்க போட்டு முறுக்கியிருக்கியோ."

மத்தியானத்துக்கு மேல் நாலு சக்கரமும் தரையில் நின்றன. வண்டி முன்னைவிட நாலு விரற்கடை உயர்ந்து, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அடியில் ஓர் ஆள் புகுந்து படுக்க இடம் கிடைத்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம். மாப்ள உள்ளே புகுந்து படுத்து, அங்கிருந்து அறிவித்தான்.

"மச்சான், கடைசி முறுக்கு மட்டும் பாக்கி. ஆளு உக்காந்த வாக்குலதான் அதை முறுக்கணுமாம். இல்லன்னா உள்ள இருக்க ரப்பரு சீக்கிரமே கிழிஞ்சிருமாம். ஆளை ஏத்துங்க."

அந்த நேரம் பார்த்து அலங்காநல்லூரிலிருந்து என் சித்தப்பாவும் சித்தியும் பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். இருவரும் விளைச்சலுக்குக் குறைவில்லாத உடம்புக்காரர்கள். பத்திரிகையை வாங்கிய கையோடு பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"எங்கப்பா போறோம்?" என்றார் சித்தப்பா.

"எங்கயும் போகல சித்தப்பா. சும்மா உக்காருங்க."

"சும்மா உக்காரவா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம்?"

சித்தி அதற்குள் ஏறி, பையை மடியில் வைத்து, சேலையைச் சரிசெய்து, ஊருக்குக் கிளம்பிவிட்ட தோரணையில் இருந்தார். "நீங்க வாங்க. நல்லாக் காத்தோட்டமா இருக்கு."

நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து சீட் காலி. மனைவியைப் பார்த்தேன்.

"என் கழுத்தை நான் வாடகைக்கு விடுறதில்ல," என்றாள்.

இறங்கிப் போய் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து அவள் இடத்தில் வைத்தேன். சித்தி பதறிப்போனார்.

"நல்லாருக்குடா. பொண்டாட்டி எடத்துல அரிசி மூட்டையா?"

"இருக்கட்டும் சின்னத்தை," என்றாள் அவள், கீரைத் தண்டை ஒடித்தபடி. "அதுதான் எதுத்துப் பேசாது. அவுகளுக்கும் தோது."

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மாமா, ஆட்டாதீங்க! நட்டு நழுவுது."

"நான் எங்கடா ஆட்டுனேன்? மூச்சுத்தான் விட்டேன்," என்றார் சித்தப்பா.

"அதை அப்பறமா விடுங்க."

ஒரு கார், ஓடாமல், மூன்று உயிரையும் ஒரு மூட்டை அரிசியையும் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "ஊருக்காண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாண்ணே," என்றேன். விளக்குவதைவிட ஊருக்குப் போவது எளிது.

முறுக்கி முடித்து மாப்ளயும் ஏறிக்கொண்டான். தெருமுனை வரை போகலாம் என்று கிளம்பியவர்கள் பைபாஸ் ரோடே சுற்றிவிட்டோம். முதல் வேகத்தடையில் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி மெதுவாக எழுந்து, ஒரு நொடி யோசித்து, தண்ணீரில் இலை இறங்குவதுபோல இறங்கியது. சத்தமில்லை. முனகலில்லை. இரண்டாவது, மூன்றாவது, தெருக்காரர்களின் அத்தனை மானங்களும் வெண்ணெயாகிவிட்டன. மாப்ள ஒரு நாட்டைப் பிடித்த தளபதிபோல ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டிருந்தான்.

திரும்பி வந்ததும் சித்தி இறங்கி, நேரே வாசற்படிக்குப் போனார்.

"அம்மாடி, தொட்டில்ல போட்டு ஆட்டுன மாரி இருக்கு. இவரு தூங்கியே போயிட்டாரு."

நான் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். சித்தி சொன்னதால் கொஞ்சம் யோசித்தாள். இரவு தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு வாரேன். ஒரு நாளைக்குத்தான். பாப்போம்."

திங்கட்கிழமை காலையில் அரிசி மூட்டையை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சீட்டைத் துடைத்து வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள். கைப்பைக்குள் கழுத்துப் பட்டை இருந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். மல்லிகை வாசனை வண்டிக்குள் திரும்பி வந்திருந்தது. அவ்வளவு நாளும் அந்த இடத்தில் என்ன வாசனை இருந்தது என்று யோசித்தேன். எதுவும் இல்லை.

முதல் வேகத்தடை. வண்டி எழுந்தது. இறங்கவில்லை. எறிந்தது. அவள் தலை கூரையை ஒருமுறை விசாரித்துவிட்டு வந்தது.

"இது கொஞ்சம் பெரிய தடை," என்றேன்.

பழங்காநத்தம் தாண்டியதும், பழைய வழக்கத்தில், அவளாகவே ஆரம்பித்தாள்.

"ராத்திரி ஒரு கனவு. பெரிய வீடு. உள்ள போனா நடுக்கூடத்துல ஒரு..." தட். "...கெணறு. எட்டிப் பாத்தா உள்ள..." தட். "...உள்ள எங்க..." தட், தட். "...அய்யோ!"

ரோட்டில் கிடந்த சின்னக் கல்லையும் விடாமல் அந்த ஸ்பிரிங்குகள் அவளிடம் ஒப்பித்தன. மினிபஸ்கள் தாண்டிப் போகிற பள்ளத்தில் நாங்கள் குதித்தோம். கிணற்றுக்குள் இருந்தவர் யாரென்று தெரியாமலே பசுமலை வந்துவிட்டது.

"நிப்பாட்டுங்க," என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓரம் கட்டினேன். கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு கணக்கு வேலை பார்க்கிறவளின் குரலில் கேட்டாள்.

"சின்னத்தை நேத்துப் பொய்யா சொன்னாக?"

"இல்ல. நேத்து நெசமாவே தொட்டில்தான்."

"நேத்து எத்தனை பேரு இருந்தீங்க?"

"நாலு. அரிசி மூட்டையோட அஞ்சு."

"இன்னைக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. ஏழு பேர் கனத்துக்குப் போட்ட ஸ்பிரிங் ரெண்டு பேருக்கு எப்படி அமுங்கும்?

"கடையில என்ன சொல்லி வாங்குனீங்க?"

சொன்னேன். குடும்பமே போகும் என்றதை, அஞ்சாறு பேர் என்றதை, கோயில் குளத்துக்கு ஏழு என்றதை.

அவள் தூரத்தில் தெரிந்த திருப்பரங்குன்றத்து மலையைப் பார்த்தாள். அந்த மலையிடம் ஒரு பொறுமை இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்.

"நாம ரெண்டு பேருதான இதுல போறோம்," என்றாள். "ரெண்டுன்னு சொல்லுறதுக்கு அம்புட்டு வெக்கமா?"

அவள் திட்டியிருக்கலாம். கணவனை இத்தனை பொருத்தமாகத் திட்டக்கூடிய இன்னொரு சந்தர்ப்பம் அவளுக்கு வாய்க்கப் போவதில்லை. அதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டாள். எனக்கு ஷாக்கப்சர் இல்லாத இடத்தில் விழுந்தது அது.

பஸ் வருவது கண்ணாடியில் தெரிந்தது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். புதிய உயரத்திலிருந்து தரை சற்றுத் தள்ளித்தான் இருந்தது.

"கெணத்துக்குள்ள யாரு?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"அதையெல்லாம் இப்பச் சொல்ல முடியாது."

"நர்ஸம்மாகிட்டச் சொல்லுவியா?"

"மாட்டேன். சாயந்திரம் வரைக்கும் வச்சிருக்கேன்." ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "கம்பெனி கேட்ல நிக்கிறேன். உங்க காலேஜுலருந்து மதுரைக்கு வர்ற வாத்தியாருங்கள்ல நல்லாக் கனமான ஆளாப் பாத்து மூணு பேரை ஏத்திக்கிட்டு வாங்க."

"அவுகளை வச்சுக்கிட்டு நாம எப்புடிப் பேசுறது?"

பஸ் நின்றது. அவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாத்தியாருங்கதான? ஏறுனதும் தூங்கிருவாங்க."