காளியம்மன் பூ கொடுக்காத நாள்

போன வருடம் ஆடி மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் மகள் சங்கீதா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். விவசாயப் படிப்புக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது அடுத்து என்று கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான் பாக்கி. அதில்தான் குடும்பமே சிக்கிக்கொண்டது. இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். தப்பாகப் போனால் யாரிடம் போய் நிற்பது?

நான் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவன். சங்கீதா கோயம்புத்தூர் பக்கம் இருக்கிற ஒரு அரசுக் கல்லூரியை முதலில் போட்டிருந்தாள். மலையிறங்கியதும் கொஞ்ச தூரத்தில் இருக்கிற தனியார் கல்லூரி அவள் வரிசையில் கடைசி. ஆசைப்பட்டதை முதலில் போடும்படிதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். நானும் சரி என்று சொல்லிவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஜீப்பில் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். ஏறுகிறவர்கள் எல்லோரும் கல்லூரி முதல்வர்கள் ஆகிவிட்டார்கள். "பொம்பளப் புள்ளைய அம்மாந்தூரம் அனுப்பிட்டு நீ இன்னா பண்ணுவ?" என்றார் ஒருவர். "பெரிய எடத்துக்கு ஆசைப்பட்டு, கடைசில சின்னதும் இல்லாம போயிடும் பாரு" என்றார் இன்னொருவர்.

இரண்டாவது ஆள் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் என் ஜீப்பில் தினமும் நடப்பது அதுதான். முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று ஒருத்தர் கீழே நின்று முறைத்துக்கொண்டிருப்பார். அதற்குள் பின்னால் நிரம்பிவிடும். முன்சீட்டும் கிடைக்காது, பின்னால் தொங்கவும் இடம் இருக்காது. வண்டி போய்விடும். கல்லூரியும் இப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பெரிய கல்லூரிக்காக மகள் நின்றுகொண்டிருக்கும்போது, பக்கத்துக் கல்லூரி நிரம்பிவிட்டால் அவள் கதி என்ன?

"பக்கத்துல கீறத மொதல்ல போடு" என்றேன் சங்கீதாவிடம்.

"அப்பா, அது அப்படி இல்லப்பா" என்று ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. கூப்பிட்டால் வருவாள், சோறு போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். என் மனைவியும் என் பக்கம்தான். ஆனால் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படியில் அழுவாள்.

பட்டியலை முடித்துக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது. மலையில் சிக்னலை நம்ப முடியாது என்பதால், சங்கீதாவை ஜீப்பில் கூட்டிக்கொண்டு திருப்பத்தூர் பிரவுசிங் சென்டருக்குப் புறப்பட்டேன். வழியில் நம் காளியம்மன் கோயிலில் நிறுத்தினேன். பூ கேட்காமல் நாங்கள் எதையும் செய்ததில்லை. கல்யாணம் என்றாலும் கேட்போம், கிணறு தோண்டினாலும் கேட்போம். அம்மன் தலையில் வைத்த பூ வலது பக்கம் விழுந்தால் செய்யலாம், இடது பக்கம் விழுந்தால் கூடாது.

பூசாரி பூ வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "தாயே, பக்கத்துக் காலேஜத்தான் மொதல்ல போடப் போறேன். சரின்னு சொல்லு." பூ விழவில்லை. பூசாரி மணியடித்துப் பார்த்தார், தீபம் காட்டிப் பார்த்தார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வைத்த பூ வைத்தபடி இருந்தது.

"அம்மா இன்னிக்கு வாய் தொறக்கல. போய்ட்டு நாளைக்கி வா" என்றார் பூசாரி.

நாளைக்கு வந்து என்ன செய்வது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்ற, எனக்குச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வலிக்குதா?" என்று சாமி முன்னால் நின்று கேட்டேன். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை பார்க்கக் கூடாது என்று துண்டால் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அடுத்த நிறுத்தத்தில் ரம்யா ஏறினாள். எங்களுக்குத் தூரத்து உறவு, என்னை மாமா என்று கூப்பிடுகிற பெண். ஒரு வருடம் முன்னால் இதே மாதிரி வரிசை போட்டுக் கொடுத்துக் கல்லூரியில் சேர்ந்தவள், விடுமுறை முடிந்து ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு கிளம்பியிருந்தாள். சங்கீதாவின் முகத்தைப் பார்த்து, "இன்னா மாமா, புள்ள உர்ருன்னு கீது?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளும் என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன்.

அவள் பலாப்பழத்தைக் காலடியில் இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நானும் பயந்துக்கினு பக்கத்துல இருந்தத மொதல்ல போட்டேன் மாமா. அதுவே வந்திச்சி. அப்பறம் பாத்தா, நான் ஆசைப்பட்டு ரெண்டாவது போட்டது என் மார்க்குக்கே கெடைச்சிருக்கும். மேல இருந்து பாத்துக்கினே வருவாங்க. மொதல்ல போட்டது இல்லன்னாதான் அடுத்தது பாப்பாங்க. மேல இருக்கறது கெடைக்கலன்னா கீழ இருக்கறதுல உன் மார்க்குக்கு வர்ற எடம் எங்கயும் போவாது. ஆனா கீழ இருக்க வேண்டியத மேல போட்டுட்டா, மத்தது எதையும் பாக்கவே மாட்டாங்க."

வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன். கல்லூரி வரிசை ஜீப் மாதிரி இல்லை. என் மகள் எங்கேயும் கீழே நிற்கவில்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடிய இடத்தை நான்தான் என் கையால் அடைக்கப் போயிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு போய்விடும் என்பது நான் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது, பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு இருக்க முடியாது என்கிற பயம். ரம்யா பேசியபோது அது எனக்கே தெரிந்துவிட்டது. "உன் இஷ்டப்படியே இருக்கட்டும், மாத்தாத" என்று சங்கீதாவிடம் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நெஜமாவாப்பா?" என்றாள். அவளே போட்ட வரிசையை அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கோயம்புத்தூர் பக்கத்து அரசுக் கல்லூரியே கிடைத்தது. இப்போது அங்கே படிக்கிறாள். முதல் மாதம் நானும் என் மனைவியும் சரியாகத் தூங்கவில்லை. அதையும் மறைக்க மாட்டேன். இப்போது போனில் மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருவரும் சாப்பிடுகிறோம்.

சேர்த்துவிட்டு வந்த அன்று காளியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அன்னிக்கி அம்மா உனக்கு ஒண்ணும் சொல்லலியே, அப்பறம் எதுக்குப் பொங்கல்?" என்று பூசாரி கேட்டார். பூ வலது பக்கம் விழுந்திருந்தால் நான் ரம்யாவின் பேச்சைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டேன் என்றேன்.

அன்புள்ளவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு கடைசி நாள் வரும். அம்மனிடம் போங்கள், அழுங்கள், கோபம் வந்தால் சண்டைகூடப் போடுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் நாமே முடிவு எடுத்துவிட்டுச் சரி என்று சொல்லச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நான் அன்றைக்கு அவளிடம் வழி கேட்கவில்லை. என் பயத்துக்குச் சம்மதம் கேட்டேன். தாய் அதற்கு மட்டும் தலையாட்டவில்லை.