பாறைமேல் அக்கா போட்ட மண்

அக்காவை அடக்கம் செய்த அன்று குழிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்: அக்காவின் மகள் ஜெபா. ஜெபாவின் கணவர். குவைத்தில் இருக்கும் மகன், ஜெபாவின் கையில் இருந்த போனில். எங்கள் சித்தி. பக்கத்து வீட்டுத் தங்கம்மை. ஆட்டோ ஓட்டும் செல்லப்பன். போதகர். கடைசியில் தம்பியாகிய நான்.

ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். சித்தி அழுதுகொண்டே, "மக்கா, இப்பளும் உனக்கு மண்ணுதானா கேட்டுது?" என்றார். அழுதவர்கள் சிரித்துவிட்டார்கள். அங்கே நின்ற எல்லாரும் முன்பே அக்காவுக்கு மண் கொடுத்தவர்கள். போதகர் உட்பட.

எனக்கு எழுத வராது. அக்காவின் நினைவு ஜெபக்கூட்டத்தில் வாசிக்க ஜெபா கேட்டதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மயிலாடியில். அப்பா கல்வேலை. நானும் கல்வேலைதான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசுக்குப் போனார். கருங்கல் ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் பெயிண்டர். மூன்று சென்ட் வாங்கி ஓட்டு வீடு வைத்தார். இடம் முழுவதும் பாறை, அதனால் விலை குறைவு. பின்பக்கம் வெயில் நேரத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

அத்தான் காய்ச்சலில் போனார். பிள்ளைகள் சிறியவர்கள். பிறகு அண்டி ஆபீசையும் பூட்டினார்கள். ரேஷனில் அரிசி கிடைத்தது. காய்கறிக்குத்தான் வழி இல்லை. காய் விலையைக் கேட்டுவிட்டு அக்கா வெறும் பையோடு சந்தையிலிருந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

"எக்கா, பாறையை வித்திட்டு பிள்ளைகளோட எங்கூட வந்திரு" என்றேன்.

"உன் வீட்டுல ரெண்டு நாளு விருந்து திம்பேன். பொறவு உன் பெஞ்சாதிக்கு மூஞ்சி மாறும். அவளைக் குத்தம் சொல்லவும் முடியாது. எனக்க வீட்டுல எனக்க அடுப்பு எரியணும் தம்பி."

அடுத்த வாரம் சித்தி மிக்சர் பொட்டலத்தோடு அக்காவைப் பார்க்கப் போனார். அக்கா சொன்னது: "சித்தி, இனி வரும்போ மிக்சர் வேண்டாம். ஒரு கவர் மண்ணு கொண்டாங்க. நாலு செடி வைக்கணும்."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு?" என்று சித்தி கேட்டார். ஆனாலும் அடுத்த முறை மண்தான் கொண்டு போனார்.

அதன் பிறகு யார் போனாலும் மண். அஸ்திவாரம் தோண்டுகிற இடங்களில் செல்லப்பன் சாக்கில் வாரி ஆட்டோவில் ஏற்றி வந்தார். போதகர் வீடு சந்திக்க வரும்போது பைக்கில் மாட்டி வந்தார். அக்கா சருகும் சாணமும் மீன் கழுவிய தண்ணீரும் சேர்த்தார். நாலு விரல் மண் ஆனதும் கீரை விதைத்தார். நான் கல்லை அறிந்தவன். கல்லில் உளிதான் இறங்கும். அதன்மேல் கீரை பச்சையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிளகாய் வந்தது. கத்தரி, வெண்டை வந்தது. அப்புறம் ஒரு ஐப்பசி மழை. விடிந்து பார்த்தால் பாறை கழுவிவிட்டது போல் கிடந்தது. அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். அத்தான் போனபோதுகூட அவர் அப்படி உட்காரவில்லை. "தம்பி, ஆளு இருந்தா இடத்துக்கு விலை கேளு" என்றார்.

அதற்குள் தங்கம்மை வாளியோடு வந்தார்.

"ஏட்டி எழும்பு. உன் மண்ணு பூரா எனக்க முத்தத்துல கெடக்கு. வாடகை தருவியா?"

தங்கம்மை வாளியைப் பாறையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடி வந்தார். மூன்றாம் முறை அக்கா எழுந்து வாளிப் பிடியின் மறுபக்கத்தைப் பிடித்தார். மத்தியானத்துக்குள் தெருவே வந்துவிட்டது. நான் அன்றே மண்ணைத் தடுக்கச் சுற்றிலும் கல் அடுக்கிக் கையாலை கட்டத் தொடங்கினேன். விலை கேட்கப் போகவில்லை.

அந்தத் தோட்டத்துக் கறி தின்று இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அக்கா கொண்டு வைத்த தடியங்காயை, அந்த வெள்ளைப் பூசணியை, ஏலம் விட்டவர், "பாறையில காய்ச்சது, பாறையில காய்ச்சது" என்று கூவினார். அக்கா என் வீட்டுக்கு வந்ததெல்லாம் விருந்துக்குத்தான். வரும்போது கை கொள்ளாத காய். போகும்போது ஒரு கவர் மண்.

கடைசியில் நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் ஜெபாவிடம் அக்கா கேட்டது: "பாவக்காய்ப் பந்தல் சாஞ்சிருந்துதே, நிமித்தினியா?" ஜெபா, "நிமித்திட்டேன் அம்மா" என்றாள். மறுநாள் காலையில் அக்கா போனார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்து இருந்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், மண் கொண்டு வந்த ஒவ்வொரு கைக்கும் எங்கள் குடும்பம் கும்பிட்டு நன்றி சொல்கிறது. இன்றைய ஜெபக்கூட்டச் சாப்பாட்டுக்குச் சந்தையில் காய் வாங்கவில்லை.

போன வாரம் ஜெபா கூப்பிட்டாள். "மாமா, கையாலைக்கு மேல மண்ணு வழியுது. இன்னும் ஒரு வரி கல்லு வைக்கணும்." எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்க, தோட்டத்தின் நடுவில் கம்பியை இறக்கினேன். இறங்கிக்கொண்டே போனது. பாறையில் முட்டியதும் உருவி, மண் ஒட்டிய இடம் வரை டேப் பிடித்தேன். ஜெபா குனிந்து பார்த்தாள்.

ஒன்றே முக்கால் அடி.